தையல் பிரித்த பிறகு

"எங்க ஆபரேஷன் பண்ணீங்களோ அங்கேயே போங்க."

மாவட்டத் தலைநகர் ஒன்றின் மருத்துவமனையில், இரவு பதினொரு மணிக்கு, பணியில் இருந்த மருத்துவர் இப்படிச் சொன்னார். என் முன்னாள் மாணவிக்குக் காலையிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. மாலைக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. அடிவயிறு கல் போல இறுகியிருந்தது. அவள் திருநங்கை. பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை முடிந்து அது ஏழாவது வாரம். அந்த மருத்துவர் அவள் வயிற்றில் கைகூட வைத்துப் பார்க்கவில்லை.

சிறுநீர் அடைப்பு எந்த உடலுக்கும் அவசரநிலைதான். குழாய் செருகி வடிக்க வேண்டும். செருக முடியாவிட்டால் அடிவயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பைக்குக் குழாய் வைக்க வேண்டும். புராஸ்டேட் வீங்கி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு துடித்தபடி வருகிற தாத்தாக்களுக்கு இதே மருத்துவமனைகளில் இந்த வேலை வழக்கமாக நடக்கிறது. அந்தத் தாத்தாவிடம் யாரும் ஊரையும் ஆபரேஷனையும் கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. இவளை அனுப்பினார்கள். வாடகைக் கார் பிடித்து, குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் கையை நெரிக்க, விடியும்போது நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சிறுநீர்த் துளை தழும்பேறிச் சுருங்கியிருந்தது. சரிசெய்தார்கள். சரிசெய்தவர் சொன்ன முதல் வாக்கியம்: "சொன்ன மாதிரி பாத்துக்கிட்டிருக்க மாட்டீங்க."

என்ன சொன்னார்கள் என்று அவளது டிஸ்சார்ஜ் தாளைப் படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரே பக்கம். மாத்திரைகளின் பெயர்கள், மறுபடி வர வேண்டிய தேதி, கையெழுத்து. எந்த வலி இயல்பு, எந்த வலி ஆபத்து, எந்த அறிகுறி வந்தால் அன்றே ஓட வேண்டும் என்பதில் ஒரு வரிகூட இல்லை.

இதை எழுதப்போகிறேன் என்றபோது அவள் மறுத்தாள். தமிழ்த்துறையில் மாணவர்கள் எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "எழுதாதீங்கம்மா. எழுதுனா, 'பாத்தியா, வேணாம்னு அப்பவே சொன்னோமே'ன்னு சொல்லுவாங்க. என் வீட்டுலயே சொல்லுவாங்க."

அந்த அச்சத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களைப் பற்றிப் பேசினால் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்று திருநங்கையரும் திருநம்பியரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆதரவாளர்களாகிய நாமும் மூடிக்கொள்கிறோம். அந்த மௌனத்தின் மறைவில் மருத்துவமனைகள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகின்றன. விலை கொடுப்பது அந்த உடல் மட்டும்தான்.

எனக்குச் சிசேரியன் ஆனபோது தையல் சீழ் பிடித்தது. மூன்று வாரம் படுக்கை. அம்மா பூண்டுக் குழம்பு வைத்தார். அத்தை பால்சுறாப் புட்டு செய்து வந்தார். எதிர்வீட்டு அக்கா துணி அலசிப் போட்டார். "பிள்ளை பெத்துக்காம இருந்திருக்கலாம்ல" என்று ஒருவரும் கேட்கவில்லை. மூட்டு மாற்று அறுவையில் கிருமி தொற்றிய பெரியவரிடம் "கடவுள் கொடுத்த மூட்டோடேயே இருந்திருக்கலாமே" என்றும் எவரும் சொல்வதில்லை. எல்லா அறுவைக்கும் சிக்கல் உண்டு. சிக்கலைக் காட்டி ஒருவரின் முடிவையே குற்றம் சொல்லும் தண்டனை இவர்களுக்கு மட்டும் ஏன்?

என்ன சிக்கல்கள் என்று நாம் அறிந்திருக்க வேண்டும். புதிதாக அமைக்கப்பட்ட யோனி தழும்பேறிச் சுருங்காமலிருக்க டைலேட்டர் என்ற கருவியைத் தொடக்க மாதங்களில் தினமும் சில முறை பயன்படுத்த வேண்டும். பிறகு எண்ணிக்கை குறையும்; ஆனாலும் நெடுங்காலம் விடக் கூடாது. காயம் பிரியலாம், தொற்று வரலாம், புண் ஆறும் இடத்தில் சதை அதிகமாக வளர்ந்து ரத்தம் கசியலாம். அரிதாக, யோனிக்கும் மலக்குடலுக்கும் இடையே துளை விழலாம். யோனி அமைக்காமல் உறுப்பை மட்டும் நீக்கிக்கொள்பவர்களுக்கும் சிறுநீர்த் துளை சுருங்கும் ஆபத்து உண்டு. விதைப்பைகளோ சினைப்பைகளோ நீக்கப்பட்ட உடலுக்கு ஹார்மோன் தொடர்ந்து தேவை. நிறுத்திவிட்டால் எலும்பு தேயும். திருநம்பியருக்கு மார்பு அறுவைக்குப் பின் உள்ளே ரத்தம் தேங்கலாம். ஆண்குறி அமைத்துச் சிறுநீர்க்குழாயை நீட்டும் அறுவையில் கசிவும் அடைப்பும் அடிக்கடி நேர்பவை. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை, நேரத்தில் பார்த்தால்.

அவளிடம் "சொன்ன மாதிரி பாத்துக்கிட்டிருக்க மாட்டீங்க" என்றார்களே, பார்த்துக்கொள்ள என்ன வேண்டும்? தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. சுத்தமான தண்ணீர். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் யாரும் கதவைத் தட்டாத தனிமை. சம்பளம் பிடிக்காத விடுப்பு. நான்கு பேர் தங்கும் விடுதி அறையில், அச்சகத்தில் பிழைதிருத்தும் தினக்கூலி வேலையில், இவை எவளுக்குக் கிடைக்கும்? வறுமையை நோயாளியின் அலட்சியம் என்று மருத்துவக் குறிப்பில் எழுதிவிடுவது நம் மருத்துவத்தின் பழைய வழக்கம்.

தமிழ்நாடு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008இல். அரசு மருத்துவமனையில் இந்த அறுவையை இலவசமாக்கியதில் இந்தியாவுக்கே முன்னோடி நாம்தான். பெருமைதான், மறுக்கவில்லை. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென 2019இல் நிறைவேறிய ஒன்றியச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அறுவைக்கு வசதி வேண்டும், முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும், மருத்துவச் செலவுக்குக் காப்பீடு வேண்டும், மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் 'பின்' என்பதற்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் சொல் 'ஆலோசனை' மட்டும்தான். அடைபட்ட சிறுநீரை ஆலோசனையால் வடிக்க முடியுமா?

2021 ஜூலையில் கொச்சியில் அனன்யா குமாரி அலெக்ஸ் இறந்தார். கேரளத்தின் முதல் திருநங்கை வானொலித் தொகுப்பாளர். அறுவை முடிந்து ஓராண்டு கழிந்தும் நீண்ட நேரம் நிற்க முடியாத வலியில் இருந்தார். சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று இறப்பதற்கு முன்பே பொதுவெளியில் பேசினார். பேச மாட்டேன் என்று ஒளிந்துகொண்டவர் அல்லர் அவர். பேசினார், கேட்கத்தான் ஆளில்லை. அவர் இறந்த பிறகு எல்லோரும் கேட்டோம்.

பெண்ணியர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அப்போது நாம் என்ன கேட்டோம்? பெண்கள் கருத்தடை செய்துகொண்டதே தவறு என்றா சொன்னோம்? எத்தனை அறுவை என்று எண்ணுகிற அரசு எத்தனை பேர் நலமாக வீடு திரும்பினார்கள் என்று ஏன் எண்ணவில்லை என்று கேட்டோம். அந்தக் கேள்வியை இவர்களுக்காகக் கேட்க மட்டும் நம் நாக்கு ஏன் புரளவில்லை?

பராமரிப்பு உழைப்பைப் பற்றி நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம்! சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோரைப் பார்த்துக்கொள்ளுதல், எல்லாம் ஊதியமற்ற உழைப்பு என்று வகுப்பில் பாடமே நடத்துகிறேன். அறுவை முடிந்த திருநங்கைக்குக் கட்டு மாற்றுவது யார், வெந்நீர் வைப்பது யார், இரவில் எழுப்பி மாத்திரை கொடுப்பது யார் என்று அந்தக் காரில் ஏறும்வரை நானும் யோசித்ததில்லை. இன்னொரு திருநங்கைதான் பார்க்கிறார். ரத்த உறவு கைவிட்ட இடத்தில் தாய் என்றும் மகள் என்றும் அவர்கள் கட்டிக்கொண்ட உறவு பார்க்கிறது. மருத்துவமனைகளுக்கு வெளியே, மூத்தவர் கையால் 'நிர்வாணம்' நடந்த நாட்களில் பலர் ரத்தம் போய் இறந்தார்கள். அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் 40 நாள் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 40ஆம் நாள் சடங்கு செய்து கொண்டாடினார்கள். கத்தியை நவீனமாக்கிய நாம் அந்த 40 நாளை என்ன செய்தோம்? லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'வையும் ரேவதியின் 'வெள்ளை மொழி'யையும் பாடமாக வைத்துத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

நான் கேட்பவை பெரிய கனவுகள் அல்ல. டிஸ்சார்ஜ் தாள் தமிழில் வேண்டும். ஆபத்து அறிகுறிகள் அதில் இருக்க வேண்டும். அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். டைலேட்டரும் ஹார்மோனும் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். எந்த ஊரில் அறுவை நடந்திருந்தாலும், மாவட்ட மருத்துவமனை அவசரநிலையில் திருப்பி அனுப்பக் கூடாது. உடனிருப்பவர் என்ற இடத்தில் குருவையும் தோழியையும் உறவாக ஏற்க வேண்டும், "ரத்த சொந்தம் யாரும் வரலையா?" என்று கேட்கக் கூடாது. எத்தனை பேருக்கு என்ன சிக்கல் வந்தது, என்ன தீர்வு கிடைத்தது என்ற கணக்கை, பெயர்களை மறைத்து, ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும்.

அன்று சிகிச்சைக்குப் பின் அவளைப் பெண்கள் பிரிவில்தான் படுக்க வைத்தார்கள். சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் கட்டிலை மாற்றித் தரச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் கர்ப்பப்பை எடுத்திருந்த ஒரு அம்மா மட்டும் தன் பிளாஸ்கிலிருந்து கஞ்சியை ஊற்றி நீட்டினார். "எனக்கும் மூத்திரம் போறப்ப எரியுதும்மா. நெறைய தண்ணி குடி" என்றார். பெண்ணியம் எதையும் படித்திராத அவர் செய்ததைப் படித்த நாம் செய்யவில்லை.

கட்டுரையை முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "போடுங்கம்மா. பேர் மட்டும் வேணாம். ஒண்ணு சேத்துக்கங்க: ஆபரேஷன் பண்ணதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்படல. அன்னைக்கு ராத்திரி அங்கேயே போங்கன்னு சொன்னதுக்குத்தான் இன்னும் அழுகை வருது" என்றாள்.

சேர்த்துவிட்டேன்.