வாசற்கதவைக் கழற்றலாமா?

லீவுக்கு ஆரணியிலிருந்து அண்ணன் மகன் லேப்டாப்போடு வந்திருந்தான். என் பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டரில் 'மைன்கிராஃப்ட்' போட்டு, 'ஓப்பன் டு லேன்' கொடுத்தான். இவனால் சேர முடியவில்லை.

"அத்தை, ஃபயர்வாலையே அணைச்சிடலாமா?" என்றான்.

பாங்க் கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டராயிற்றே! வாசற்கதவைக் கழற்றிவிட்டுத் தூங்குவதா? கூடாதென்றேன்.

நிதானமாகப் பார்த்தோம். இரண்டும் ஒரே வைஃபைதான். விளையாட்டின் வெர்ஷனும் ஒன்றுதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் எங்கள் வைஃபை 'பப்ளிக்' என்றிருந்தது. அதை 'பிரைவேட்' ஆக்கி, ஃபயர்வாலில் அந்த விளையாட்டு ஓடும் ஜாவாவுக்கு மட்டும் பிரைவேட்டில் அனுமதி கொடுத்தோம். இவனும் சேர்ந்துவிட்டான்!

சகோதரிகளே, வெளியிடத்து வைஃபை மட்டும் 'பப்ளிக்'காகவே இருக்கட்டும். விளையாட்டுக்காக ஃபயர்வாலை அணைக்க விடாதீர்கள்.

- ஒரு வாசகி, செய்யாறு