எடுப்புக்கா புள்ளி, உழைப்புக்கா?



பேண்ட் போட்டி முடிந்த நாளிலிருந்து மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் ஓர் அடிகூடப் பிசகாமல் வாசித்தார்கள். கிடைத்ததோ ஒரேயொரு மொத்தப் புள்ளி. எதில் குறைந்தோம் என்று கேட்டால், "மற்றக் குழு எடுப்பாக இருந்தது" என்பதே பதில்.

அந்த எடுப்பு யாருடையது? காசு கொடுத்துக் கூட்டி வந்த பயிற்றுநருடையதா, வெயிலில் நின்ற பிள்ளையுடையதா?

அமெரிக்காவில் ட்ரம் கோர் போட்டிகள் நடக்கின்றன. ஊதுகருவி, ட்ரம், கொடி என்று மைதானம் நிறைய அணிவகுப்பார்கள். 100 புள்ளியில் பொதுவான தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. நடுவரின் தாளில் இரண்டு நிரல்: எதை அமைத்தார்கள், அதை எப்படிச் செய்தார்கள். முன்பு அங்கும் பிழைக்குப் பிழை பத்திலொரு புள்ளி வெட்டினார்கள். 1980களில் அதைக் கைவிட்டார்கள். வெட்டுக்குப் பயந்தால் கடினமானதை யார் தொடுவார்?

ஆகவே வடிவமைப்புக்குப் புள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடினமானதைத் துணிந்து எடுத்தவர்களுக்கு அது கிடைக்கட்டும். ஆனால் இரண்டையும் ஒரே இலக்கத்துக்குள் குழைத்தால் காசுள்ள பாடசாலையின் மினுக்கம்தான் வெல்லும்.

ஏற்பாட்டாளர்களே, இரண்டு நிரல் போடுங்கள். தாளைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். தோற்ற பிள்ளைக்கு அடுத்த வருடம் எதைத் திருத்துவது என்றாவது தெரியட்டும்.