ஆணி அடித்த சுவரும் முன்பணக் கணக்கும்

திண்டுக்கல் நகரில் மாடிப் பகுதி ஒன்றில் குடியிருந்த பட்டியல் சமூகக் குடும்பம் ஒன்று, வீட்டைக் காலி செய்த பின் ஒரு துண்டுத்தாளுடன் என்னிடம் வந்தது. மாத வாடகை 6,000 ரூபாய்; கொடுத்த முன்பணம் 50,000 ரூபாய்; திரும்பக் கிடைத்தது 21,000 ரூபாய். மீதித் தொகைக்கான கணக்கை உரிமையாளர் தம் கைப்பட எழுதியிருந்தார்: சுவர்களுக்குப் பெயிண்ட், கழிப்பறைக் கோப்பை, குழாய்கள், கடைசியாக ‘வீடு சுத்தம்’.

குடியேறிய மூன்றாம் மாதம் முன்னறையில் ஓர் ஆணி அடித்து அண்ணல் அம்பேத்கரின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அதன் பிறகே சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்ற விசாரிப்பு தொடங்கியது. மகனுக்கு வீடு தேவைப்படுகிறது என்ற காரணம் அடுத்து வந்தது. சாதியின் பெயரை எவரும் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை.

குழாய் முன்பே ஒழுகியது, கோப்பையில் முன்பே விரிசல் இருந்தது என்கிறார்கள் அவர்கள். நம்புகிறேன். ஆனால் ஒரு புகைப்படமும் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தின் இறுதிப் பத்தியிலோ, ‘வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியின் கீழ் குடும்பத் தலைவரின் கையெழுத்து இருக்கிறது. தட்டச்சு நிலையங்களில் எல்லா ஒப்பந்தங்களிலும் மாறாமல் இடம்பெறும் வரி அது. குடியிருப்பவருக்கு எதிராக அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்கிறது அதன் 11ஆம் பிரிவு. இயல்பான தேய்மானம் நீங்கலாக, குடியேறியபோது இருந்த நிலையிலேயே வீட்டைப் பேணும் கடமை இரு தரப்புக்கும் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும், குழாய்ப் பாதைகளை மாற்றுவதும் உரிமையாளரின் பொறுப்பு என இரண்டாம் அட்டவணை சொல்கிறது. குழாயின் வாஷர், சுவிட்ச், கழிப்பறைக் கோப்பையின் பழுது ஆகியவை வாடகைதாரரின் பங்கு. பூட்டுகளும் அவர் பங்கே. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் அது ஒன்றாவது மலிவாக முடியும்!

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் முன்பண வரம்பும் பராமரிப்புப் பங்கீடும் விலகிவிடும். வேறு வீடு கிடைக்காது என்று அறிந்தவர் எதில்தான் கையெழுத்திட மாட்டார்? அடுத்து, ‘குடியேறியபோது இருந்த நிலை’ என்பதே அளவுகோல் என்றாலும் அந்த நிலையை யார் பதிவு செய்வது என்பதைச் சட்டம் இருவரின் நல்லெண்ணத்துக்கே விட்டுவிடுகிறது. வாடகை அதிகாரியிடம் அளிக்கும் படிவம் அறைகலன்களின் விவரத்தைக் கேட்கிறது. சுவரில் இருந்த ஓதத்தை எழுத அதில் இடமில்லை.

ஆகவே அந்த இடத்தை நாமே உண்டாக்க வேண்டும். சாமான்களை ஏற்றும் முன், வெற்று வீட்டில், வாசல் தொடங்கிக் கழிப்பறை வரை நிறுத்தாமல் ஒரே காணொளி எடுங்கள். குழாய்களைத் திறந்து, சுவிட்சுகளைப் போட்டு, மின் மீட்டரின் எண்ணையும் காட்டுங்கள். விரிசலும் ஓதமும் ஆணித் துளையும் எங்கெங்கே என்று எழுதிய பட்டியலை அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் கையெழுத்திட மறுக்கலாம்; அன்றே அனுப்பப்பட்டதும் அவர் மறுத்து எழுதாததும் பதிவாக நிற்கும். காலி செய்யும் நாளிலும் அதே வரிசையில் மீண்டும் எடுக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழ் கோருகிறது. எனவே படம் எடுத்த கைபேசியை விற்றுவிடாதீர்கள்; மூலக் கோப்பை வெட்டித் திருத்தாதீர்கள்.

இது வெறும் பணத் தகராறுக்கான ஆயத்தம் அன்று. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் சுக்தேவ் தோரட் குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியானது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதோடு, கிடைத்தவர்களும் நியாயமற்ற நிபந்தனைகளை ஏற்க வேண்டியிருந்ததை அது காட்டியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இரண்டாம் வகையையும் தொடுகிறது. வணிக நடைமுறையில் பொதுவாக எந்த நிபந்தனைகளில் ஒன்று செய்யப்படுமோ அந்த நிபந்தனைகளில் செய்ய மறுப்பதும் அதன்படி பொருளாதாரப் புறக்கணிப்பே. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ எதிரி நேரில் அறிந்திருந்தால், அவர்களின் சாதியையும் அறிந்திருந்தார் என்றே 8(சி) பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். நோக்கத்தை நிரூபிப்பதுதான் கடினம். முந்தைய வாடகைதாரருக்கு எவ்வளவு பிடித்தார்கள், அவரிடம் சுத்தம் செய்யப் பணம் வாங்கினார்களா என்ற ஒப்பீடு அங்கே உதவும். ஒப்பிடவும் முதலில் வீட்டின் நிலை பதிவாகியிருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்காக அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். காணொளி இல்லாததால் கோப்பைக்கும் குழாய்க்கும் பிடித்த தொகை திரும்புமா என்பது ஐயமே. வண்ணம் பூசிய செலவை அட்டவணையை வைத்துக் கேட்கிறோம். துண்டுத்தாளின் கடைசி வரிக்கு எதிரே 4,000 ரூபாய் என்றிருக்கிறது. பெருக்கிக் கழுவி ஒப்படைத்த வீட்டில் எதைச் சுத்தம் செய்ய அந்தத் தொகை செலவானது என்பதே அறிவிப்பில் எங்கள் முதல் கேள்வி.