வாளையாருக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாடு

அமெரிக்காவுக்குப் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் சமையல் கதைகளை நிறையக் கேட்டாயிற்று. கோவையிலிருந்து பஸ் ஏறி வாளையாரைத் தாண்டுகிறவனின் கதையை யாரும் கேட்பதில்லை. இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். 1956 அக்டோபர் 31 வரை இந்த ஊரே சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது; மறுநாள் கேரளம் பிறந்தது. ஆனாலும் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, அறை எடுத்து, ஒற்றை பர்னர் அடுப்பு வாங்கி வைத்த தமிழன் முதல் வாரமே வெளிநாட்டுக்காரன் ஆகிவிடுகிறான். அதுவும் காய்கறிக் கடையில்.

மிளகு கேட்டால் மிளகாய் வரும். இங்கே 'முளகு' என்றால் மிளகாய். நம் மிளகுக்குக் 'குருமுளகு' என்று சொல்ல வேண்டும். 'சீர' என்று கேட்டால் பெரும்பாலும் செக்கச்செவேல் என்று ஒரு தண்டுக்கீரைக் கட்டு கைக்கு வரும். பூசணி இங்கே கும்பளங்ங, பரங்கி மத்தன், கத்திரி வழுதனங்ங. வார்த்தைகள் பத்து நாளில் பழகிவிடும். பழகாதது, வாங்கும் பட்டியல். முருங்கைக்காய், தக்காளி, சாம்பார் வெங்காயம் என்று அம்மா ஊரில் வாங்கிய பட்டியலையே நம் ஆள் இங்கேயும் நீட்டுகிறான். இவை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து லாரி ஏறி வருபவை. கோவை விலைக்கு மேல் லாரி வாடகை, இறக்குக் கூலி, இரண்டு வியாபாரிகளின் லாபம் எல்லாம் கொடுத்து, வாடிய காயை வாங்கி, சாம்பார் வைத்து, "ஊர் ருசி வரலையே" என்று அலுத்துக்கொள்கிறான். மூன்றாம் வாரம் பரோட்டாக் கடை. வயிறு கெட்டு லீவு போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகச் சொல்வேன். நம் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. அங்கே விவசாயியே தராசு பிடித்து நம் பையில் கொட்டுவார். கேரளத்தில் வழி வேறு. 2001-ல் அமைந்த காய்கறி, பழ மேம்பாட்டுக் கவுன்சிலின் கீழ் 'ஸ்வாஸ்ரய கர்ஷக சமிதி' என்ற பெயரில் விவசாயிகளின் சங்கங்கள் இயங்குகின்றன. ஒரு வட்டாரத்து விவசாயிகள் காயை ஓரிடத்தில் எடை போட்டுக் குவிப்பார்கள். வியாபாரி அங்கே தேடி வந்து எடுக்க வேண்டும். பேரம் தனி ஆளோடு அல்ல, கூட்டத்தோடு. பாலக்காடு மாவட்டத்தில் கொல்லங்கோட்டை ஒட்டிய எலவஞ்சேரி இதற்குப் பெயர் பெற்ற ஊர். பாவக்காய், புடலை, பயறு அங்கிருந்து வெளி மாவட்டங்களுக்குப் போகின்றன. கால் கிலோ வாங்குகிறவனுக்கு மொத்தச் சந்தையில் பெரிய மரியாதை கிடைக்காதுதான். ஆனால் குடும்பஸ்ரீ பெண்கள் கூறு கட்டி விற்கும் சந்தைகளில் அதே மண்ணின் காய் கிடைக்கும். அன்றைக்கு அங்கே எது குவிந்து கிடக்கிறதோ, அதுதான் அன்றைய சமையல்.

குவிந்து கிடப்பது புடலையோ பூசணியோ என்றால் அதிர்ஷ்டம். ஏனென்றால் இதே சிக்கலைப் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்துவைத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கணவாய் வழியே வந்து கல்பாத்தி போன்ற அக்ரஹாரங்களில் குடியேறிய தமிழர்கள். அவர்களும் ஊர்ப் பட்டியலோடுதான் வந்திருப்பார்கள். இங்கே தேங்காயும் பூசணியும் சேனையும் கொட்டிக் கிடந்தன. விளைவு, மொளகூட்டல். கேரளத்துக்காரரும் உரிமை கொண்டாடலாம், தஞ்சாவூர்க்காரரும் உரிமை கொண்டாடலாம்.

இரண்டு பேருக்குக் கணக்கு சொல்கிறேன். கால் டம்ளர் துவரம்பருப்பைக் குழைய வேகவையுங்கள். கால் கிலோ புடலையையோ பூசணியையோ நறுக்கி, மஞ்சள் தூளும் உப்பும் போட்டுத் தனியே வேகவையுங்கள். கால் மூடித் தேங்காய், இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம் - மூன்றையும் மைய அரைத்து, காயும் பருப்பும் சேர்ந்த கலவையில் கொட்டி ஒரு கொதி. தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது. நல்லெண்ணெய் கூடாது, ருசி வேறு திசைக்குப் போய்விடும். வெங்காயம், தக்காளி, புளி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாளையார் தாண்டி விலையேறி வரும் சாமான்கள் இதில் அநேகமாக இல்லை.

புளி இல்லாததால் பக்கத்தில் புளிப்பாக ஏதாவது வேண்டும். அதற்கு அரைத்துக்கலக்கி. தேங்காயையும் பச்சைமிளகாயையும் அரைத்துக் கெட்டித் தயிரில் கலக்கி உப்புப் போடுவதோடு சரி. அடுப்பே வேண்டாம். ஒற்றை பர்னர்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? சோற்றுக்குப் பாலக்காடன் மட்டை அரிசி. பொன்னியை வேகவைப்பது போல அவசரப்பட்டால் கல்லாக நிற்கும். ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் நிதானமாக வேகவைத்து வடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றது. மற்ற நாளில் பொன்னியே போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக் காய் விஷம், கேரளக் காய் அமுதம் என்று ஒரு பேச்சு இங்கே உண்டு. எல்லை தாண்டி வரும் காய்களில் பூச்சிமருந்து எச்சம் என்று 2015-ல் பெரிய ரகளையே நடந்தது. எனக்கு இந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. மருந்தடிக்கிற விவசாயி மருந்துக் கடைக்காரரின் யோசனையைக் கேட்கிறாரே தவிர, எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. இரண்டு பக்கக் காயையும் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுவது நல்லது. கறிவேப்பிலைக்கு இது கட்டாயம்.

எல்லை என்பதே காய்கறி விஷயத்தில் வேடிக்கையானது. இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, காந்தலூர் மலைக் கிராமங்களில் பயிர் செய்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுடைய காரட்டும் முட்டைக்கோசும் தமிழ்நாட்டு வியாபாரிகளின் லாரியில் மலையிறங்கி, அந்தச் சந்தைகளில் கைமாறி, திரும்பக் கேரளத்துக்கே வருவதும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளிப் பாதை அடைபட்டபோது, இந்தச் சுற்றுப் பாதையை எவ்வளவு நம்பியிருந்தோம் என்று கேரளத்து அடுப்படிகளுக்குத் தெரிந்தது. விலை துள்ளிக் குதித்தது. மறுபக்கம் தேனி விவசாயியின் காய் போக வழியில்லாமல் தேங்கியது.

2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்குக் கேரள அரசு அடிப்படை விலை நிர்ணயித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் என்று கணக்கு. அன்று அறிவித்தபடி கிலோ பாவக்காய்க்கு 30 ரூபாய், புடலைக்கு 16, பூசணிக்கு 9. ஒரு கிலோ பூசணி ஒரு டீ விலைக்குக் கீழே! இதுவும் கிடைக்காத நாள்களை விவசாயி பார்த்திருக்கிறார் என்பதால்தானே இப்படி ஒரு விலையை எழுதிவைக்க வேண்டியிருந்தது? அதனால் சமிதிக் காயைப் பார்த்தால் நான் பேரம் பேசுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பாலிதீன் சுற்றிய அதே புடலைக்கு ஸ்டிக்கர் விலையை முணுமுணுக்காமல் கொடுக்கிறோமே.

சித்திரை பிறக்கும் வாரத்தில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். விஷுக் கணியில் வைக்க மஞ்சள் மஞ்சளாகக் கணிவெள்ளரி வந்து இறங்கும். எல்லாருக்கும் அதே நாளில் வேண்டும் என்பதால் விலை ஏறி நிற்கும். விஷு முடிந்த மறுநாள் போங்கள். விற்காமல் மிஞ்சியதை அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். தோலைச் சீவி, விதையை வழித்துவிட்டு நறுக்கினால் புடலை இல்லாத குறை தெரியாது. மொளகூட்டலுக்கு அதே கணக்குதான். வெள்ளரி தண்ணீர் விடும் என்பதால், வேகவைக்கத் தண்ணீரை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.