சூனியக்காரிகளின் “பழைய” மதம்

இங்கிலாந்து தேசத்தில் “விக்கா” என்பதாக ஒரு மதம் இருந்து வருகின்றது. அதைச் சேர்ந்தவர்கள் தங்களைச் சூனியக்காரர்கள் என்றும், சூனியக்காரிகள் என்றும் தாங்களே கூசாமல் சொல்லிக் கொள்ளுகின்றார்கள். 2021-ம் வருஷத்து ஜனக் கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாகச் சுமார் 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சூனியம் என்றவுடன் நமது வாசகர்கள் எலுமிச்சம்பழத்தையும் முட்டையையும் நினைத்துக் கொள்ள வேண்டியதில்லை. யாருக்கும் தீங்கு வராதவரை உன் இஷ்டப்படி நடந்துகொள் என்பதுதான் இவர்கள் கொள்கை. கொம்பு முளைத்த ஆண் கடவுள் ஒன்று, பெண் கடவுள் ஒன்று, வருஷத்திற்கு எட்டுப் பண்டிகை, பௌர்ணமியில் கூட்டம், வட்டம் போட்டுக் கறுப்புப் பிடிக் கத்தியை வைத்துக்கொண்டு சடங்கு. சில கூட்டத்தார் இதை நிர்வாணமாகவே செய்கிறார்கள். பெண்ணே பிரதான பூசாரி. சில பாதிரிமார் இவர்களைப் பிசாசைக் கும்பிடுகிறவர்கள் என்று தூற்றுகின்றனர். பிசாசு பாதிரிமாருடைய சரக்கே தவிர விக்காக்காரருடையதல்ல.

கத்தியை ஆட்டினால் காரியம் நடக்கும் என்பதை நாம் ஒப்பவில்லை. ஆனால் நாம் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. இம்மதம் கிறிஸ்துவுக்கும் முந்தியது, மிக மிகப் பழமையானது என்று சொல்லி வந்தார்களே, அதைப் பற்றியேயாகும்.

இதை வெளியில் கொண்டு வந்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884-1964) என்னும் வெள்ளைக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் (நம் மக்கள் கூலிகளாய் வியர்வை சிந்திய தோட்டங்கள்தான்) இருந்துவிட்டு, பிறகு மலாயா சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்து, 1936-ல் ஊர் திரும்பியவர். நியூ பாரஸ்ட் என்ற காட்டுப் பிரதேசத்தில் பரம்பரையாக ரகசியமாய் இருந்து வந்த ஒரு கூட்டத்தார் 1939-ல் தமக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொன்னார். சூனிய சக்தி உண்டென்று சொல்லி ஏய்க்கிறவனுக்குத் தண்டனை விதிக்கும் 1735-ம் வருஷத்துச் சட்டம் 1951-ல் எடுபட்டது. 1954-ல் கார்ட்னர் புஸ்தகம் எழுதினார்.

பழமைக்குச் சாட்சி என்னவென்றால், மார்கரெட் மர்ரே என்ற பண்டித அம்மையார் 1921-ல் எழுதிய ஒரு நூல். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பது அவர் கக்ஷி. அந்த அம்மையாரே கார்ட்னர் புஸ்தகத்திற்கு முன்னுரையும் கொடுத்தார்.

கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்று சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெண்கள். அவர்கள் யார்? அண்டை வீட்டுக்காரியோடு சண்டையிட்டவள், மருந்து கொடுத்தவள், கேட்பாரற்ற கிழவி. பெரும்பாலோர் கிறிஸ்தவ மதத்தில் பிறந்து கோவிலுக்குப் போய் வந்தவர்களே. தூங்க விடாமலும், கட்டைவிரலை நசுக்கியும் “ஆம், நாங்கள் இரவில் கூட்டம் கூடினோம்” என்று அவர்கள் வாயிலிருந்து பிடுங்கினார்கள். மர்ரே அம்மையார் நம்பியது அந்த வாக்குமூலங்களைத்தான். அவள் ரகசிய மதக்காரிதான் என்று இன்று பெருமையாகச் சொன்னால், அவளை வதைத்தவன் எழுதி வைத்த பொய்யை மெய்யாக்குவதல்லவா? செத்தவளுக்குச் செய்யும் மரியாதையா இது?

நிற்க, உயிரோடிருந்த பெண்ணுக்கு இப்பழமை என்ன செய்தது என்பதையும் பார்ப்போம்.

டோரீன் வாலியன்டி என்ற அம்மையார் 1953-ல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றுப் பிரதான பூசாரியானார். சடங்குப் புஸ்தகத்தைப் படித்ததும், அதில் பல பகுதிகள் 1947-ல்தான் இறந்துபோன அலிஸ்டர் குரௌலி என்ற மந்திரக்காரர் எழுதியவை என்று கண்டுபிடித்தார். கேட்டதற்கு, தமக்குக் கிடைத்தது துண்டு துணுக்குகளே என்றும், இடைவெளியைத் தாம் நிரப்பியதாகவும் கார்ட்னர் பதில் சொன்னார். அம்மையாரே உட்கார்ந்து பலவற்றைத் திருத்தி எழுதினார். கார்ட்னரோ பத்திரிகைக்காரர்களை ஓயாமல் அழைத்து வந்தார். 1957-ல் இந்த விளம்பரத்தைக் கட்டுப்படுத்தச் சில விதிகள் வேண்டும் என்று அம்மையாரும் வேறு சிலரும் எழுதி அனுப்பினார்கள்.

உடனே கார்ட்னர், விதிகள் ஏற்கனவே இருக்கின்றன என்று சொல்லி ஒரு “பழைய சட்டத்தை” எடுத்து நீட்டினார்! அதுவரை அதை யாரும் பார்த்ததில்லை. அதில் ஒரு விதி, பிரதான பூசாரிக்கு வாலிபம் கழிந்தால் இளைய பெண்ணுக்கு இடம் விட்டு மரியாதையாக விலகிக்கொள்ள வேண்டும் என்பது. அப்போது அம்மையாருக்கு வயது 35. சட்டம் நீட்டியவருக்கு 73. ஆண் கிழவன் எப்போது விலக வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. தேவைப்பட்ட நாளில் ஓலைச்சுவடி அகப்படுகிற அதிசயம் நம் நாட்டில் மட்டும்தான் உண்டென்று நாம் எண்ணியிருந்தோம்.

அம்மையார் கூட்டத்தை விட்டு வெளியேறினார். சூனியத்தை விடவில்லை, ஆனால் நடந்ததையெல்லாம் 1989-ல் புஸ்தகமாக எழுதி வெளியிட்டார். 1999-ல் ரொனால்டு ஹட்டன் என்ற சரித்திர ஆசிரியர் ஆதாரங்களைத் துருவி, விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவான மதமே என்று காட்டினார். விக்காக்காரர்களிலேயே பலர், “ஆம், புதியதுதான், அதனாலென்ன?” என்று ஒப்புக்கொண்டும் விட்டார்கள். வேறு எந்த மதத்தார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்? ஆனால் மனிதன் செய்தது என்று தெரிந்த பிறகும் சந்திரனைப் பார்த்துக் கத்தியைத் தூக்குவானேன் என்பதற்கு மட்டும் அவர்களிடமிருந்து நமக்கு இன்னும் பதில் வரவில்லை.