மான் தங்கும் நிலம்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட பகுதியில் விஸ்கான்சின் என்றொரு மாநிலம் உண்டு. ஏரிகளும் பால் பண்ணைகளும் ஓக் மரக் காடுகளும் நிறைந்த பூமி அது. நகரத்தில் வாழ்ந்த குடும்பம் ஒன்று அங்குள்ள சிற்றூரில் இருபது ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிவந்த முதல் வாரத்தில், கதிரவன் சாயும் வேளையில், கொல்லைப்புற வேலியோரம் ஒரு பெண்மானும் அதன் இரு குட்டிகளும் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் சன்னலருகே மூச்சடக்கி நின்று பார்க்கிறார்கள். எங்கோ ஒரு கதவு ஓசைப்படுகிறது. அவ்வளவுதான்! வெண்கொடி உயர்த்தினாற்போல் வாலைத் தூக்கிக்கொண்டு மூன்றும் ஓடி மறைந்துவிடுகின்றன. "அப்பா, அந்த மான்கள் நம் நிலத்திலேயே தங்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?" என்று அன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மறுநாளே தந்தை கடைக்குச் சென்று ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கி வந்து வேலியோரம் கொட்டுகிறார். ஆசையினால் செய்வது, ஆனால் தவறான தொடக்கம். அது ஏன் தவறு, சரியான வழி யாது என்பதையே இத்திங்கள் சிந்திப்போம்.

வந்த விருந்தாளி யார்?

இது வெள்ளைவால் மான். நம் நாட்டுப் புள்ளிமானைப் போல வாழ்நாள் முழுவதும் புள்ளிகள் கொண்டதன்று. குட்டிப் பருவத்தில் மட்டுமே இதற்குப் புள்ளிகள் உண்டு. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கணக்கின்றிக் கொல்லப்பட்டு, 1900-ஆம் ஆண்டளவில் அந்நாடு முழுவதிலும் இவை சில லட்சங்களாகக் குறைந்துபோயின. பின்னர் வேட்டைச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. கைவிடப்பட்ட வயல்கள் மீண்டும் காடாயின. மான்களைப் பிடித்து வெறுமையான பகுதிகளில் விட்டார்கள். இன்று அவற்றின் தொகை ஏறத்தாழ 3 கோடி என்று மதிப்பிடுகின்றனர். ஆகவே, அந்தச் சிற்றூரில் மான் இல்லாமல் இல்லை. நம் நிலத்தில் அது தங்குமா என்பதுதான் கேள்வி.

ஒரு சிறு கணக்கு

வெள்ளைவால் மான் ஒன்று நடமாடும் வட்டாரம் இடத்துக்கு இடம் மாறும். எனினும் பொதுவாக ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் என்று சொல்வதுண்டு. நம்மிடம் இருப்பதோ 20 ஏக்கர். மானின் உலகத்தில் இது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஆண்குட்டிகளில் பல, ஓராண்டு நிறைந்ததும் தாயின் இடத்தை விட்டுப் பல மைல் தொலைவு சென்றுவிடும். ஆகவே மானை நம் எல்லைக்குள் நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். அதன் பெரிய வீட்டில் நம் நிலம் ஓர் அறையாக அமையலாம், அவ்வளவே. எந்த அறை அதற்குக் குறைவாக இருக்கிறது? அக்கம்பக்கத்தார் நிலமெல்லாம் மக்காச்சோள வயலாக இருந்தால், நாமும் உணவு வைப்பதில் பயனில்லை. அங்கே குறைவது மறைவிடம். சுற்றிலும் அடர்காடாக இருந்தால், குறைவது வெயில் படும் இளந்தழை. முதல் வேலை மண்வெட்டியை எடுப்பதன்று. சுற்றிலும் கண்ணைத் திறந்து பார்ப்பது.

விளிம்பின் இரகசியம்

இதை ஒழுங்குபட ஆராய்ந்து எழுதியவர் ஆல்டோ லியோபோல்டு. 1933-இல் வன உயிர்களைப் பேணும் கலை பற்றி அவர் ஒரு பெருநூலை வெளியிட்டார்; அவ்வாண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்குப் பேராசிரியரானார். காடும் வயலும், புதரும் புல்லும் ஒன்றோடொன்று சந்திக்கும் விளிம்புகளிலேயே மான் போன்ற உயிர்கள் மிகுதியாகக் காணப்படும் என்று அவர் எடுத்துக்காட்டினார். உண்ணும் இடமும் ஒளியும் இடமும் அங்கேதான் அடுத்தடுத்து அமைகின்றன. 1935-இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் வளம் குன்றிய ஒரு பழம்பண்ணையை அவரே வாங்கினார். அங்கே எஞ்சியிருந்த கோழிக்கொட்டிலைத் துப்புரவாக்கிக் குடிலாக்கிக்கொண்டு, மனைவி மக்களோடு வார இறுதிகளில் சென்று தங்கி, ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார். நூலில் எழுதியதைத் தம் கையாலும் செய்து பார்த்தவர் அவர்.

மறைவிடம்

முதிர்ந்த காடு நம் கண்ணுக்கு அழகு. ஆனால் மேலே தழை மூடி, கீழே தரை வெறுமையாக இருந்தால் மானுக்கு அங்கே வேலையில்லை. பயன் குறைந்த மரங்கள் சிலவற்றை வெட்டி வெயிலைத் தரைக்கு விட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் முட்புதர்களும் இளங்கன்றுகளும் மண்டி வளரும். மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில் உணவும் அதுவே, படுக்கையும் அதுவே. சிலர் மரத்தை முழுவதும் வெட்டாமல், ஒரு பக்கத்துப் பட்டை ஒட்டியிருக்கும்படி அறுத்துச் சாய்த்துவிடுவர். சாய்ந்த மரம் சில ஆண்டுகள் உயிரோடு தழைத்து நிற்கும். இவ்வேலையில் மரம் பிளந்து எகிறி உயிருக்கு ஊறு நேர்வதுண்டு. எனவே பழகியவர் கையிலேயே இதை விட வேண்டும். பனிக்காலக் கடுங்காற்றைத் தடுக்க ஊசியிலை மரங்கள் ஒரு வரிசையாகவேனும் இருத்தல் நலம்.

மே, ஜூன் திங்கள்களில் தாய்மான் தன் குட்டியை உயர்ந்த புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தொலைவில் மேயும். குட்டியோ மணமும் அசைவும் இன்றிக் கிடக்கும். "ஐயோ, தாயற்ற குட்டி!" என்று இரங்கி அதை வீட்டுக்குத் தூக்கி வருவோர் பலர். அது இரக்கமன்று, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதாகும். தாய் அருகிலேயே இருக்கும். அந்நாட்களில் புல்வெட்டும் பொறியையும் அப்பகுதியில் ஓட்டலாகாது.

உணவு

மான் மாட்டைப் போலப் புல்லையே நம்பி வாழ்வதன்று. தளிர், மொட்டு, பூண்டு, காய்கனி என்று பொறுக்கித் தின்னும். இலையுதிர் காலத்தில் அதற்கு ஓக் கொட்டை பெருவிருந்து. வெள்ளை ஓக்கின் கொட்டை துவர்ப்புக் குறைந்தது. அதையே முதலில் நாடும். நிலத்தில் வெள்ளை ஓக் நின்றால், அதை நெருக்கும் மரங்களை அகற்றி அதன் கிளைகளுக்கு வெயில் கிடைக்கச் செய்வதே நல்ல முதலீடு. பயிர் செய்ய விரும்பினால், மறைவிடத்தை ஒட்டி அரை ஏக்கர் போதும். முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும்; புளிப்பு மண்ணாயின் சுண்ணாம்பு இட வேண்டும். குளோவர் என்னும் மூவிலைத் தீவனப் பயிர், ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நிற்கும். தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணையும் வளப்படுத்தும். இலையுதிர் காலத்துக்கு ஓட்ஸும் கோதுமையும் ஏற்றவை.

அமைதி

மறைவிடம், உணவு ஆகிய இரண்டையும் விடப் பெரியது ஒன்று உண்டு. அதற்குச் செலவில்லை, ஆனால் அதுவே மிகக் கடினம். நிலத்தின் நடுவே நாலைந்து ஏக்கரை ஒதுக்கி, "இங்கே நாம் நுழைவதில்லை" என்று குடும்பம் முழுவதும் உறுதி செய்துகொள்ள வேண்டும். நடைபாதை எல்லையோரமாகவே செல்லட்டும். நாய் கட்டில் இருக்கட்டும். நம் மணத்தைக் காற்று எத்திசைக்குக் கொண்டுசெல்கிறது என்று பார்த்து நடக்க வேண்டும். மான் நம்மைக் கண்ணால் காணுமுன் மூக்கால் அறிந்துவிடும். நாள்தோறும் தேடிச் சென்று பார்க்கும் ஆர்வமே, பலருடைய நிலத்தில் மான் தங்காமைக்குக் காரணம். தொலைவில் இருந்து பார்ப்போருக்கே அது நெடுநாள் காட்சி தரும்.

மக்காச்சோள மூட்டை

இனி, அந்த மூட்டையின் கதைக்கு வருவோம். மானின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அதில் வாழும் நுண்ணுயிர்களே உணவைச் செரிக்க வைக்கின்றன. புதிய உணவுக்கு அவை பழகச் சில வாரங்கள் ஆகும். பனிக்காலத்தில் சுள்ளியும் மொட்டும் தின்று வாழும் மானுக்குத் திடீரெனத் தானியக் குவியலை வைத்தால், வயிற்றில் அமிலம் பெருகி, நிறைந்த வயிற்றோடே அது மாண்டுபோகக்கூடும். அன்பினால் வைத்த உணவு நஞ்சாகிறது.

இன்னும் பெரிய கேடு ஒன்றுண்டு. மானை நாளடைவில் எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் மூளைநோய் ஒன்று 1967-இல் கொலராடோ மாநிலத்தில் முதன்முதல் காணப்பட்டது. 2002-இல் அது விஸ்கான்சினிலும் இருப்பது தெரியவந்தது. இயல்பு திரிந்த ஒரு புரதமே அதற்குக் காரணம். உமிழ்நீர், சிறுநீர், சாணம் ஆகியவற்றின் வழியே பரவும். மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதனாலேயே, நோய் கண்ட பகுதிகளில் மானுக்குத் தீனி வைப்பதை அம்மாநிலச் சட்டம் தடுக்கிறது. பரந்து வளர்ந்த இளந்தழையில் மேயும் மான்கள் இவ்வாறு ஒரே இடத்தில் நெருக்குவதில்லை.

மிகுந்தால் என்ன?

மான் தங்கிவிட்டது, பெருகியும் விட்டது. பிறகு? ஒரு மான் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ தழை தின்னும். தொகை மிகும்போது, ஓக் கன்றுகள் தலைதூக்குமுன்னே கடிபட்டுப் போகும். விதையிலிருந்து பூக்க ஏழாண்டுக்கு மேலும் எடுக்கும் டிரில்லியம் என்னும் மூவிதழ்க் காட்டுமலர் மறைந்துபோகும். மானின் தலை எட்டும் உயரம் வரை காடு கத்தரித்தாற்போல் வெறுமையாகும். இதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. காட்டுக்குள் ஓரிடத்தில் சில கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். இரண்டாண்டு கழித்து உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே பசுமையும் வெளியே வெறுமையுமாக இருந்தால் மான் மிகுதி என்பது திண்ணம். மானின் உடலில் ஒட்டும் உண்ணியால் லைம் நோய் பரவுவதும், இரவில் சாலைகளில் வண்டிகள் மான்மீது மோதுவதும் வேறு.

லியோபோல்டும் இளமையில் ஓநாய் குறைந்தால் மான் பெருகும், அது நன்மையே என்று எண்ணி ஓநாய்களைச் சுட்டவர்தாம். பிற்காலத்தில் தம் எண்ணம் பிழையென்று வெளிப்படையாக எழுதினார். 1940-களில், விஸ்கான்சின் காடுகளைக் காக்கப் பெண்மான்களையும் வேட்டையாடித் தொகையைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியபோது, மக்களின் கடுஞ்சினத்துக்கு ஆளானார். மானை நேசித்தவர்தாம் அவ்வாறு பேசினார். இன்றும் அங்கே உரிமம் பெற்ற வேட்டையே தொகையைக் கட்டுப்படுத்தும் முதன்மையான வழி. நம் நாட்டில் சட்டம் வேறு: 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே மான்வேட்டை குற்றம்.

வேலிக்கு அப்பால்

அந்நாட்டில் நிலம் நம்முடையதாகலாம். அதில் நிற்கும் காட்டுமான் நம்முடையதன்று. அது மக்கள் அனைவருக்கும் பொது. மாநிலம் அதன் காவலர். இன்று நம் குளோவரைத் தின்றது, நாளை அடுத்தவர் காட்டில் படுக்கும். ஆகவே இருபது ஏக்கர்க்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, வேலிக்கு அப்பால் உள்ளவரிடம் சென்று பேசுவதே. "என் நிலத்தில் மறைவிடம் வளர்க்கிறேன், உங்கள் நிலத்து ஓக் மரங்களை வெட்டாமல் விடுங்கள், இருவருமே சோளம் கொட்ட வேண்டாம்" என்று நாலு வீட்டார் ஒத்துக்கொண்டால், மானுக்கு ஒரு வீடே கிடைத்துவிடும்.

லியோபோல்டு 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் இறந்தார். பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்க ஓடிச் சென்றபோது, அங்கேயே நெஞ்சடைத்து உயிர் நீத்தார். நிலம் எல்லைக்கல்லோடு முடிவதில்லை என்று எழுதியும் வாழ்ந்தும் காட்டியவர், அயலார் நிலத்திலேயே கண்மூடினார்.

சன்னலருகே நின்ற அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தை சொல்ல வேண்டிய விடை இதுதான்: "மக்களே, மானை நாம் நிறுத்தி வைக்க முடியாது. அது வந்தால் அஞ்சாமல் படுக்க ஓர் இடம் விட்டு வைப்போம். அங்கே நாம் போகாமல் இருப்போம்." பிள்ளைகளுக்கு அது முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். இரண்டு மூன்று இளவேனில் கழிந்தபின், ஒரு மாலை அவர்களே சன்னலருகே நின்று, கதவை ஓசையின்றிச் சாத்தக் கற்றிருப்பார்கள்.