டேஷ்கேம்: 'கம்பெனி ஃபிட்டிங்' என்ற மாயை

புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் முன்புவரை சன்ரூஃப் ஆசை காட்டினார்கள். இப்போது அந்த வரிசையில் டேஷ்கேமும் சேர்ந்துவிட்டது. "டாப் வேரியண்ட் எடுத்தீங்கன்னா கேமரா கம்பெனியிலயே ஃபிட் ஆகி வருது சார். வெளில மாட்டினா ஒயரை வெட்டுவான், வாரண்டி போயிடும்" என்று ஷோரூமில் சொல்லவேண்டியது. வாங்குகிறவர் தலையாட்டிவிட்டு, இன்னும் சில பத்தாயிரங்களைச் சேர்த்துக் கையெழுத்துப் போடவேண்டியது. இந்தத் தலையாட்டல் தேவையே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வெளியில் வாங்கி மாட்டும் டேஷ்கேம்தான் சரி. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில், டேஷ்கேம் எதற்கு?

அழகுக்கு இல்லை. லடாக் பயணத்தை யூட்யூபில் ஏற்றுவதற்கும் இல்லை. சாட்சிக்கு!

2022ல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இடித்துவிட்டு நிற்காமல் ஓடிப்போன வண்டிகளால் மட்டும் அந்த ஆண்டு 30,486 பேர் செத்திருக்கிறார்கள். ஓடிப்போன வண்டி எது என்றே தெரியாவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள திட்டத்தின்படி கிடைப்பது 2 லட்சம் ரூபாய். படுகாயம் என்றால் 50,000. வண்டி நம்பர் தெரிந்தால் கதையே வேறு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் பார்த்துக் கணக்குப் போடும். ஒரு நம்பர் பிளேட்டின் மதிப்பு என்ன என்று இப்போது புரியும். பின்னால் வந்த யாரோ ஒருவரின் டேஷ்கேமில் அந்த நம்பர் பதிவாகியிருந்தால், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

இன்னொரு பக்கமும் உண்டு. ரோட்டில் கூடும் கூட்டத்துக்கு ஒரே சட்டம்தான்: பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு. ராங் ரூட்டில் வந்து பைக் மோதினாலும் கார்க்காரர்தான் குற்றவாளி. கார் குறுக்கே புகுந்தாலும் லாரி டிரைவருக்குத்தான் அடி. அந்த நேரத்தில் பேசக்கூடிய ஒரே நியாயவான் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி.

ஆக, கேள்வி 'எது அழகாக இருக்கிறது' என்பதல்ல. 'எது நல்ல சாட்சி' என்பதுதான்.

'கம்பெனி ஃபிட்டிங்' என்றால் என்ன?

இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரண்டு சரக்கை விற்கிறார்கள். ஒன்று, உண்மையிலேயே தொழிற்சாலையில் காரோடு பொருத்தி வருவது. மற்றொன்று, டீலர் தன் கடையில் அக்சஸரியாக மாட்டித் தருவது. இரண்டாவது வகை வெளியில் கிடைக்கும் அதே ரகக் கேமராதான். ஆன்லைன் விலையையும் ஷோரூம் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'கம்பெனி' என்ற சொல்லுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சண்டை முதல் வகையோடுதான்.

ஒன்று: கட்டிப்போட்டு விற்பது

2023 ஜூலையில் ஹூண்டாய் எக்ஸ்டர் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டி. அந்த விலைப் பிரிவில் முதல்முறையாக டேஷ்கேம் என்று விளம்பரம். அறிமுக விலை 5.99 லட்சத்தில் ஆரம்பம். ஆனால் டேஷ்கேம் வேண்டுமென்றால் சுமார் 9.3 லட்சம் கொடுத்து உச்ச வேரியண்டுக்குப் போகவேண்டியிருந்தது. கேமரா வாங்கப் போனவர் தலையில் வேண்டாத நாலு வசதிகளும் சேர்ந்து விழும். வெளிச் சந்தையிலோ சுமார் 4,000 ரூபாயிலிருந்து கேமரா கிடைக்கிறது. 15,000க்குள் முன்னும் பின்னும் நல்ல கேமராவே மாட்டலாம். சாட்சி அவசியம் அடிப்படை மாடல் வாங்குகிறவருக்கும் உண்டு. சொல்லப்போனால் வக்கீல் வைக்கக் காசில்லாத அவருக்குத்தான் அது அதிகம்.

இரண்டு: பார்க்காத திசை

அதே எக்ஸ்டரில் இருப்பது இரட்டைக் கேமரா. ஒன்று முன்சாலையைப் பார்க்கும். இன்னொன்று? காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்து இடிப்பவனை யார் பார்ப்பது? வாடகைக் கார் ஓட்டுபவருக்கு உட்புறக் கேமரா உதவும், சரி. மற்றவர்களுக்குத் தேவை பின்கண்ணாடிக் கேமரா. வெளியில் வாங்கும்போது எது வேண்டும் என்று வாங்குகிறவரே தேர்ந்தெடுக்கலாம்.

மூன்று: 40 விநாடி நியாயம்

விலை கூடினால் வசதியும் கூடும் என்று நினைத்தால் அதுவும் நிச்சயமில்லை. பிஎம்டபிள்யூவின் டிரைவ் ரெக்கார்டரில் ஒரு பதிவின் அளவு 40 விநாடி. மோதல் நடந்தால் முன்னால் 20, பின்னால் 20 விநாடியைத் தானே சேமிக்கும். மோதலைக் காட்ட அது போதும். ஆனால் இரண்டு கிலோமீட்டராகத் துரத்தி, ஹாரன் அடித்து, குறுக்கே வெட்டி மறித்தவன் கதையை 40 விநாடியில் சொல்ல முடியுமா? சாதாரண 1080பி கேமரா மணிக்கு ஏறக்குறைய 7 ஜிபி எழுதும். 64 ஜிபி கார்டில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கோர்வையாகக் கிடைக்கும். நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

நான்கு: கோர்ட்டுக்கு யார் போவது?

இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. அதன் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கொடுக்கவேண்டும். எந்தக் கருவி, என்ன மாடல், சீரியல் நம்பர் என்ன, கோப்பின் 'ஹேஷ்' மதிப்பு என்ன என்பதெல்லாம் அந்தப் படிவத்தில் வரவேண்டும். ஒரு பகுதியைத் தருகிறவரும் மறுபகுதியை நிபுணரும் நிரப்பவேண்டும். வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோ சுருங்கிப்போய் ஹேஷ் மாறிவிடும். மூலக் கார்டுதான் பலம்.

பழைய சட்டத்தின் கீழ் 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கவனிக்கவேண்டும். மூலக் கருவியையே உரிமையாளர் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. கொண்டுவர முடியாத பெரிய அமைப்பின் பகுதி என்றால் சான்றிதழ் கட்டாயம். அந்தத் தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. டேஷ்கேமைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். காரின் டேஷ்போர்டைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

விபத்துக்குப் பிறகு கார் ஸ்டேஷன் வாசலிலோ ஒர்க்‌ஷாப்பிலோ கிடக்கும். பதிவு காரின் உள்நினைவகத்தில் என்றால் அதுவும் அங்கேயே கிடக்கும். கார்டு என்றால் அது உரிமையாளர் கையில்.

ஐந்து: யாருடைய கண்?

டெஸ்லா 2018லேயே காரின் சொந்தக் கேமராக்களை டேஷ்கேமாக மாற்றியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பிரமாதம்தான். ஆனால் 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. 2019க்கும் 2022க்கும் இடையில் வாடிக்கையாளர்களின் கார்க் கேமராக்கள் எடுத்த அந்தரங்கப் படங்களை அந்நிறுவன ஊழியர்கள் தங்களுக்குள் பகிர்ந்து சிரித்திருக்கிறார்கள் என்று முன்னாள் ஊழியர்களே சொன்னார்கள். இணையத்தோடு இணைந்த காரில் கேமராவும் காரோடு ஒட்டிப் பிறந்தால் இந்த ஆபத்தும் ஒட்டிப் பிறக்கும். வெளிக் கேமராவிலும் கிளவுட் வசதி உள்ளவை உண்டு. வித்தியாசம், அது வேண்டாம் என்று ஒதுக்கலாம்.

எதிர்வாதங்கள்

"ஒயரை வெட்டினால் வாரண்டி போகும்." யார் வெட்டச் சொன்னது? 12 வோல்ட் சாக்கெட்டிலோ யூஎஸ்பியிலோ செருகினால் வெட்டல் ஒட்டல் எதுவும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு வேண்டும் என்பவர்கள் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுக்கலாம். அதற்குத் தெரிந்த ஆளும், பேட்டரி இறங்குவதற்கு முன் தானே அணையும் கிட்டும் வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும் நிஜம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் ஒயரை ஏர்பேக் விரியும் பாதையில் ஓட்டக்கூடாது, அதற்குப் பின்னால்தான் ஓட்டவேண்டும். இதைத் தெரியாதவனிடம் வண்டியைக் கொடுப்பது தற்கொலை.

"வெயிலில் வெந்துவிடும்." மலிவுச் சரக்கில் உள்ள லித்தியம் பேட்டரி உப்பும், உண்மைதான். சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் வேலூர் மே மாதத்தையும் தாங்கும்.

"பராமரிக்க யாருக்கு நேரம்?" இதுதான் நேர்மையான எதிர்வாதம். கார்டு தேய்ந்து பதிவு நின்றுபோனதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. மாதம் ஒருமுறை பார்க்கக்கூட முடியாது, எச்சரிக்கை காரின் திரையிலேயே வரவேண்டும் என்பவர்களுக்குத் தொழிற்சாலைக் கேமரா சரி. ஆனால் கார் பத்து பதினைந்து வருஷம் ஓடும். கேமரா நாலு வருஷத்தில் பழசாகும். வெளிக் கேமராவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம். காருக்குள் புதைத்த கேமராவை அதே கம்பெனியிடம், அவர்கள் சொல்லும் விலைக்குத்தான் மாற்றமுடியும்.

கேட்கவேண்டியது என்ன?

கார்க் கம்பெனிகள் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் ஸ்கோடா சில மாடல்களில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு யூஎஸ்பி சி சாக்கெட் வைக்கிறது. அவ்வளவுதான்! ஒயர் பிரச்சினை இல்லை, ஏர்பேக் பயம் இல்லை, யாருக்கு எந்தக் கேமரா வேண்டுமோ மாட்டிக்கொள்ளலாம். அடிப்படை மாடல் முதல் எல்லாவற்றிலும் வைத்தாலும் ஒரு சாக்கெட்டுக்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

அந்த சாக்கெட்டைக் கொடுக்க மனமில்லாமல் உச்ச வேரியண்டில் கேமராவை ஒளித்துவைத்து விற்கிறவர்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, ஷோரூமில் தலையாட்டுவதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "கார்டைக் கழற்றிக் கையில் தருவீங்களா?"